தலையை இழுத்துக் கட்டாதே

அன்புள்ள மகளுக்கு,

தம்பி நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் விடாமல் கேட்டேன். ஆறு வாரமாக போனில் உன் குரல் மட்டும்தான் வருகிறது. கேமரா பழுது என்றாய். சரி என்று இருந்தேன்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவதற்கு அரை மணி நேரம் முன்பே குளிர்த் தொப்பியை மாட்டி, ஏற்றி முடிந்த பிறகும் நெடுநேரம் வைத்திருக்கிறார்களாமே. தலைத்தோல் குளிர்ந்தால் இரத்தக் குழாய் சுருங்கி, முடி வேருக்கு மருந்து குறைவாகத்தான் போகுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்தவள் நான். ஆனால் அந்தத் தொப்பியைச் செய்தது ஹடர்ஸ்ஃபீல்டில் பியர் குளிரூட்டும் கருவி செய்த குடும்பமாம். வீட்டுக்காரிக்கு முடி கொட்டியதைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் இதில் இறங்கினாராம். அதைக் கேட்டதும் மனது கொஞ்சம் ஆறியது.

முதல் பத்து நிமிஷம் தாங்காது, அப்புறம் மரத்துவிடும் என்றாயாம். விடியற்காலை சீயக்காய் தேய்த்துப் பீலித் தண்ணீரை ஊற்றும்போது, "அம்மா, மண்டை வலிக்குது" என்று என் முழங்காலைக் கட்டிக்கொள்வாய். இப்போது எதைப் பிடித்துக்கொள்கிறாய்?

தொப்பியை உடனே கழற்ற விடாதே. முடியில் ஐஸ் பிடித்திருக்கும், இளகட்டும். பல் அகன்ற சீப்பால் மெதுவாகச் சீவு. தினமும் முழுகாதே, வெந்நீர் வேண்டாம், சாயம் வேண்டவே வேண்டாம். தலையை இழுத்துக் கட்டாதே. கூடைக் கயிறு இழுத்து இழுத்து என் உச்சி தேய்ந்ததைப் பார்த்திருக்கிறாய்தானே.

நம் தோட்டத்து லயத்திலிருந்து முதலில் கெம்பஸில் படிக்கப் போனவள் நீ. கடைத்தெருவில் ஆள் பார்த்து நிறுத்திச் சொல்லுவேன். அந்தப் பிள்ளைக்குப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. தொப்பி போட்டாலும் எல்லோருக்கும் முடி நிற்காதாம், பாதிப் பேருக்குத்தானாம். சாப்பிடுகிறாயா? தலையை இழுத்துக் கட்டாதே.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை மகள். பெரியம்மா மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது. இஸ்தோப்புத் திண்ணையில் முக்காடு போட்டு உட்கார்ந்து, தலை பின்னிவிட உன்னைக் கூப்பிட்டாள். நீ ஓடினாய். முக்காடு நழுவியது. நான் உன் கையைப் பிடித்து இழுத்து வந்து கதவைச் சாத்தினேன். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். அது ஒட்டாது என்று டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள், தெரிந்தும் செய்தேன். ஜன்னலால் பார்த்தேன், சீப்பு அவள் மடியிலேயே கிடந்தது. அந்த மாதமே போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

உனக்கு ஏழு வயது. எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாய். முடியில்லாத தலையை அம்மா எப்படிப் பார்ப்பாள் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டாய். கேமரா பழுதில்லை என்று எனக்குத் தெரியும். தப்பு என்மேல்.

வெள்ளிக்கிழமை ஊசி முடிந்ததும் எனக்குப் போன் எடு. இங்கே எந்த நேரமானாலும் விழித்திருப்பேன். தொப்பி கழற்றின தலையோடு, எப்படி இருந்தாலும் அப்படியே எடு.

உன் அம்மா