மூக்கடைப்புச் சொட்டு மருந்தும் ‘செட் மாத்திரை’யும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்கால நோய்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளில் டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கிடைக்கும் இடம், குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவரையாவது படுத்தும் மூக்கு ஒவ்வாமைக்குக் கிடைப்பதில்லை. உயிரைப் பறிக்கும் நோயல்ல என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஆனால் அதற்காக மக்கள் தாமாகவே வாங்கிப் பயன்படுத்தும் மருந்துகள் கவலையளிப்பதால், அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் எங்களுடையது. ஜூன் முதல் டிசம்பர் வரை சுவரிலும் மெத்தையிலும் அலமாரித் துணிகளிலும் ஈரம் முழுதாக விலகுவதே இல்லை என்பதால், பூஞ்சணமும் கண்ணுக்குப் புலப்படாத தூசி உண்ணிகளும் இங்கே செழிக்கின்றன. போதாக்குறைக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோக அறுவடைகளின்போதும் வயலோர ஊர்களில் வைக்கோல் தூசு பறக்கிறது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், நீராய் ஒழுகும் மூக்கு, கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு, காய்ச்சல் மட்டும் இல்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அது பெரும்பாலும் நாம் தடுமன் என்று சொல்லும் ஜலதோஷம் அல்ல, ஒவ்வாமையே. மாறாக, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்திருந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, ஒவ்வாமை என்று நினைத்துக் காலம் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு மருந்துக்கடையில் முதலில் கைக்கு வருவது மூக்கடைப்புச் சொட்டு மருந்து. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற இம்மருந்துகள் மூக்கின் உட்சவ்விலுள்ள ரத்த நாளங்களைச் சுருக்குவதால், சில நிமிடங்களில் மூச்சு தாராளமாகிறது. தொடர்ந்து நாலைந்து நாட்களுக்கு மேல் விட்டுக்கொண்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்குகிறது. அந்த அடைப்பைத் திறக்க மறுபடியும் அதே சொட்டு மருந்து தேவைப்படுகிறது. தலையணைக்கு அடியில் அந்தச் சிறு குப்பி இல்லாமல் உறங்க முடியாத நிலைக்கு ஆளானவர்களை எனக்குத் தெரியும்.

இதைவிட மோசமானது, காகித உறையில் பெயரின்றிப் போட்டுத் தரப்படும் ‘செட் மாத்திரை’. அதில் பெரும்பாலும் தூக்கத்தை வரவழைக்கும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து இருக்கும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளிக்கும், மலைச்சாலையில் வண்டி ஓட்டுபவருக்கும் அந்தத் தூக்கக் கலக்கம் ஆபத்தானது. பல வேளைகளில் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். ஒரே நாளில் குணம் தெரிவதற்குக் காரணம் அதுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் என அதற்கான விலையைப் பின்னாளில்தான் கொடுக்க நேர்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மருத்துவர் எழுதித் தரும் மூக்கு ஸ்பிரேயைக் கண்டுதான் நம் மக்கள் அஞ்சுகிறார்கள். மொமெட்டசோன், புளூட்டிகசோன் வகை ஸ்பிரேக்களும் ஸ்டீராய்டுகளே, மறுக்கவில்லை. ஆனால் மொமெட்டசோன் ஸ்பிரேயில் பெரியவர்களுக்கான வழக்கமான ஒரு நாள் அளவு 200 மைக்ரோகிராம். அதிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. ‘செட்’டில் வரும் 0.5 மில்லிகிராம் ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றிலோ 500 மைக்ரோகிராம் இருக்கிறது, அது உடல் முழுவதும் பரவுகிறது. நீடித்த ஒவ்வாமைக்கு இன்றைக்கு உள்ளவற்றுள் அதிகப் பயன் தரும் மருந்தும் இந்த ஸ்பிரேதான். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம் என்பதை யாரும் சொல்லி அனுப்பாததால், மூன்றாம் நாளே பயனில்லை என்று தூக்கி எறிகிறார்கள். அடிக்கும் முறையும் முக்கியம். குப்பியைக் குலுக்கி, தலையைச் சற்றே முன்னால் கவிழ்த்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்தால், மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கச் சுவரில் படும். மூக்கில் ரத்தக் கசிவும் குறையும். குழந்தைகளுக்கு மருத்துவர் மேற்பார்வையில்தான் தர வேண்டும்.

தும்மலும் அரிப்பும் மட்டும் என்றால் லோரட்டடின், பெக்சோபெனடின் போன்ற, தூக்கம் அதிகம் வராத மாத்திரைகள் பலருக்குப் போதும். உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லதே. ஆனால் கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே எடுக்கக் கூடாது. அண்டையிலுள்ள கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் 2024ஆம் ஆண்டில் பலர் பாதிக்கப்பட்டதை நாம் அறிவோம். அது மூக்கின் வழியாகவே உள்ளே புகுகிறது. கொதிக்க வைத்து ஆற்றிய நீரில், லிட்டருக்கு 9 கிராம் வீதம் உப்பைக் கரைத்துப் பயன்படுத்த வேண்டும்.

வீட்டினுள் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருங்கள் என்று வெளிநாட்டுக் கையேடுகள் கூறும் அறிவுரை, குளச்சலிலோ குலசேகரத்திலோ நடக்கிற காரியமல்ல. விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை நன்கு சூடான நீரில் துவைப்பதும், வெயில் கிடைக்கும் நாளில் மெத்தையை வெளியே போடுவதும், ஒழுகும் சுவரைப் பூசுவதும் நம்மால் இயன்றவை.

ஸ்டீராய்டு மாத்திரைகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கப்படுகின்றனவா என்பதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இம்மாவட்டத்தில் திடீர்ச் சோதனைகள் மூலம் கண்காணிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் மூக்கு ஸ்பிரே தடையின்றிக் கிடைக்கவும், அதைக் கொடுப்பவர் நோயாளிக்கு ஒருமுறை அடித்துக் காட்டி அனுப்பவும் மாவட்ட சுகாதாரத் துறை, அடுத்த பருவமழை தொடங்கும் முன்னரே ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.