முப்பத்தேழு நிமிடம் ஒதுக்கி வை

அன்பு மகனுக்கு,

போன வாரம் போனில் பேசியபோது, “ஸ்மோக் ஆன் தி வாட்டர் கேட்டேம்மா, நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்பது வருஷமா இத்தனை பேர் அந்த ஆல்பத்தைத் தலைமேல தூக்கி வச்சுக்கிறது ஏன்னு புரியல” என்றாய். அன்றைக்கே பதில் சொல்லத் தொடங்கினேன், உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ கேட்டது ஒரே ஒரு பாட்டு, அதுவும் செல்போனின் சின்ன ஸ்பீக்கரில். அது இடம்பெற்ற ‘மெஷின் ஹெட்’, டீப் பர்ப்பிள் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ஏழு பாட்டுகள் கொண்ட ஆல்பம், மொத்தமாகவே முப்பத்தேழு நிமிடம் சொச்சம்தான். பெரிய மாமா கல்லூரியில் படித்த காலத்தில் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து கேசட்டில் பதிந்து வந்தார். பிடித்த பாட்டுக்குத் தாவ வேண்டுமென்றால் டேப்பை ஓட்டி ஓட்டித் தேட வேண்டும், அதற்குச் சோம்பிக்கொண்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டோம். அப்படிக் கேட்டதால்தான் அந்த ஆல்பம் எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

அது பிறந்த ஊர், சுவிட்சர்லாந்தில் நீ இருக்கும் லோசானிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் மோன்ட்ரூ. டீப் பர்ப்பிள் குழுவினர் 1971 டிசம்பரில் அங்கே போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்து, ஏரிக்கரையில் இருந்த கேசினோ அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். டிசம்பர் 4ஆம் தேதி அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவர் தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடமே எரிந்துபோனது. யாரும் சாகவில்லை. மோன்ட்ரூ ஜாஸ் விழாவைத் தொடங்கிய கிளாட் நாப்ஸ் உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே கொண்டுவந்தார். ஏரிமேல் புகை பரவியதை டீப் பர்ப்பிள் குழுவினர் ஓட்டலிலிருந்து பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கம் கலைந்து எழுந்த பேஸ் கிட்டார் கலைஞர் ராஜர் குளோவரின் வாயில் வந்த சொற்கள்தான், ‘நீர்மேல் புகை’ என்று பொருள்படும் அந்தப் பாட்டின் தலைப்பு. நீ கேட்ட பாட்டில் கற்பனை என்று எதுவுமே இல்லை. நடந்ததை நடந்தபடி, ஆட்களின் பெயர் முதற்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

இடம் போனபின் பெவிலியன் என்ற அரங்கில் ராத்திரியில் வாசிக்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் கொடுக்க, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பதிவானதுதான் உலகத்தில் கிட்டார் தொடுகிற பிள்ளைகளெல்லாம் முதலில் வாசித்துப் பார்க்கிற அந்த ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன கிட்டார் துணுக்கு. அடுத்துப் போனது குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டல். தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கிச் சத்தத்தை அடக்கி, அங்கேயே மீதியைப் பதிவு செய்தார்கள்.

இதில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வாசித்ததைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் அறைகள், பால்கனிகள் எல்லாம் கடந்து வெளியே நின்ற வண்டிக்குப் போக வேண்டும். அந்தக் குளிரில் போய்வந்து அலுத்து, போவதையே நிறுத்திவிட்டார்கள். நன்றாக வந்தது என்று ஐந்து பேருக்கும் தோன்றும்வரை வாசித்தார்கள், தோன்றியதும் அடுத்ததற்குப் போனார்கள். அடுத்தவர் வாசிப்பதை அந்தந்த நொடியிலேயே கூர்ந்து கேட்டால்தான் அது முடியும். இந்த ஆல்பத்தை நேசிக்கிறவர்கள் எதை நேசிக்கிறார்கள் என்று கேட்டாயே, என் பதில் அதுதான்: அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பது நமக்கும் கேட்கிறது.

உதாரணத்துக்கு நீ கேட்ட பாட்டையே ஹெட்போனில் திரும்பப் போடு. ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாகத் தொடங்கும். பிறகு ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிட்டாருக்குப் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக விட்டு, கரகரவென்று அதே ரிஃப்பைக் கூடவே வாசிக்கிறார். நாம் கிட்டார் என்று நினைக்கும் கனத்தில் பாதி ஆர்கன். இயன் பெய்ஸின் டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். பேஸ் கடைசியில் நுழையும்போது பாட்டுக்குக் கீழே தரை வந்ததை உணர்வாய். செல்போன் ஸ்பீக்கரில் அந்தத் தரை கேட்காது.

‘ஹைவே ஸ்டார்’ பாட்டின் வரிகள் எனக்கு ஒப்புவதில்லை. காரும் பெண்ணும் ஒரே மூச்சில் உடைமையாகப் பேசப்படுகிறார்கள். ஆனால் அதிலுள்ள கிட்டார் சோலோவை பிளாக்மோர், ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையில் வரும் சுருதி நகர்வை மனதில் வைத்து ஒவ்வொரு சுரமாக முன்கூட்டியே அமைத்தார். அத்தனை வேகத்திலும் ஒரு சுரம் சிதறவில்லை. ‘லேஸி’ கேட்கும்போது பொறுமை வேண்டும். ஆர்கனில் தொடங்கி, பாடகர் இயன் கில்லன் வாய் திறக்கவே நான்கு நிமிடம் தாண்டிவிடும். நடுவில் ஹார்மோனிகா வாசிப்பவரும் அவர்தான். ‘மேபி ஐ ஆம் எ லியோ’ சுமார். பெரிய மாமாவுக்கு அது உயிர்.

நீ தவறவிடக்கூடாதது மூன்றாவது பாட்டு, ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’. டிரம்ஸின் பாய்ச்சலில் ஆரம்பிக்கும். பின்னால் பேஸுக்கு ஒரு சோலோ வரும், ஹார்ட் ராக்கில் அது அபூர்வம். யாருமில்லாத மலை, பனி, கழுகுகள், அந்தக் குளிரில் நின்றுகொண்டு ஒருவன் வீட்டை நினைத்துக்கொள்கிறான். எரிந்த கேசினோவைப் பற்றிய பாட்டைத்தான் ஊரெல்லாம் பாடுகிறது, ஆனால் இந்த ஆல்பத்தின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான் என்பது என் முடிவு. நீ அங்கே போன பிறகு இதை முன்பைவிட அதிகம் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. ஆல்பம் 1972 மார்ச்சில் வெளிவந்தபோது, வெற்றி பெறும் என்று நம்பி அவர்கள் முதலில் தனிப்பாட்டாக (சிங்கிள்) விட்டது ‘நெவர் பிஃபோர்’. இன்றைக்கு அதை எத்தனை பேருக்குத் தெரியும்? ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ அமெரிக்காவில் தனிப்பாட்டாக வந்தது ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1973இல். அங்கே நான்காம் இடம் வரை போனது. அதே பதிவில் உருவான ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’ என்ற மெல்லிய பாட்டு ஆல்பத்திலேயே சேரவில்லை, தனிப்பாட்டுத் தட்டின் மறுபக்கத்தில் போய் ஒதுங்கியது. தேடிப் பிடித்துக் கொண்டாடியவர்கள் கேட்டவர்கள்தான், 1997இல் வந்த இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பில் அதையும் சேர்த்தார்கள். ஆக, ஐம்பது வருஷமாகத் தலைமேல் தூக்கி வைத்திருப்பவர்கள் பழைய நினைவில் உருகிக்கொண்டிருக்கவில்லை. எந்தப் பாட்டு நிற்க வேண்டும் என்று தீர்மானித்ததே அவர்கள் காது.

பரீட்சை முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மோன்ட்ரூ போய்வா. கேசினோவை 1975இல் திரும்பக் கட்டிவிட்டார்கள். ரயிலில் போகும்போது இசைத்தட்டின் முதல் பக்கத்து நான்கு பாட்டையும், வரும்போது மீதி மூன்றையும் கேள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று தயங்காமல் எழுது. ‘லியோ’ பிடித்திருந்தால் அதை எனக்கு எழுதாதே, மாமாவுக்கு எழுது, ரொம்ப சந்தோஷப்படுவார்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அம்மா