பதிவை எடுக்கறதுக்கு முன்னாடி எழுதினவங்களைக் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீம்ஸ், ட்ரெண்டிங் பத்தியெல்லாம் ஆராய்ச்சி பண்றாங்கன்னு போன இதழ்ல வந்த கட்டுரையைப் படிச்சேன். ஏதோ பொழுதுபோகாதவங்க செய்யற வேலைங்கற மாதிரி எழுதியிருந்தது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, காலேஜ்ல மீடியா படிக்கற பசங்களுக்கு ப்ராஜெக்ட் கைடா இருக்கறவ நான், அதனாலதான் எழுதறேன். இணைய ஆய்வாளர்கள் சங்கம்னு ஒண்ணு 1999லயே ஆரம்பிச்சு அடுத்த வருஷமே அமெரிக்காவுல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல மாநாடு நடத்தினாங்க, அப்ப ஃபேஸ்புக், யூடியூப் எதுவுமே கிடையாது. சமூகவியல், மொழியியல், கம்ப்யூட்டர்னு எல்லாத் துறை ஆளுங்களும் அதுல இருக்காங்க.

அவங்க செஞ்சதுலயே பெரிய வேலைன்னு நான் நினைக்கறது 2002ல கொண்டுவந்த ஆய்வு நெறிமுறைதான், அப்புறம் 2012லயும் 2019லயும் புதுசா எழுதினாங்க. பெரும்பாலும் ஆய்வாளர் தன்னைத்தானே கேட்டுக்க வேண்டிய கேள்விங்கதான். எழுதினவங்க ஊருக்கே சொல்றோம்னு நினைச்சு எழுதினாங்களா, தெரிஞ்ச நாலு பேருக்குள்ளன்னு நினைச்சாங்களா? பேரை மறைச்சுட்டு வரியை மட்டும் அப்படியே போட்டாலும் கூகுள்ல தேடினா ஆள் யாருன்னு தெரிஞ்சிடாதா? எழுதினவங்க எவ்வளவு பலவீனமான நிலையில இருக்காங்களோ அவ்வளவுக்கு ஆய்வாளரோட பொறுப்பு கூடும்னும் சொல்றாங்க, என் பசங்ககிட்ட நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்.

இதெல்லாம் ஏன் வேணும்னா, 2012 ஜனவரியில ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேரோட ஃபீட்ல சிலருக்கு சந்தோஷமான பதிவையும் சிலருக்கு சோகமான பதிவையும் குறைச்சுக் காட்டி, அவங்க எழுதறது மாறுதான்னு பாத்துச்சு. அந்த ஜனங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, 2014ல ஆய்வுக் கட்டுரையா வந்தப்பதான் உலகமே கொந்தளிச்சுது. அக்கவுண்ட் திறக்கறப்ப விதிமுறைக்கு ஓகே குடுத்ததையே சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்களாம், எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்க. அதுல எத்தனை பேர் அந்த வாரம் ஏற்கெனவே மனசு ஒடைஞ்சு இருந்திருப்பாங்களோ.

நம்ம காலேஜ்கள்லயும் இப்ப கமெண்ட்ஸ், வாட்ஸ்அப் மெசேஜ்னு எடுத்து நிறைய ப்ராஜெக்ட் வருது. ஆளை நேர்ல பேட்டி எடுக்கணும்னா கையெழுத்து வாங்கறோம், ஸ்க்ரீன்ஷாட் எடுக்க மட்டும் யாரையும் கேக்கறதில்ல. பத்திரிகைகளும் அப்படித்தான், சாதாரண ஜனங்க போட்ட பதிவை பேரோட போட்டோவோட அச்சடிச்சிடறாங்க. உங்க பத்திரிகையாவது இனிமே அவங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி, சரின்னு சொன்னதுக்கப்புறம் போடுங்கன்னு ரொம்பப் பணிவா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருநெல்வேலி