பெட்டி டிவியைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு,

கேபிளை நிறுத்திவிட்டு இன்டர்நெட்டில் பார்க்கப் போகிறோம் என்றால் புது டிவி எடுத்தே ஆக வேண்டும் என்று கடைகளில் சொல்வதை எங்கள் பக்கத்தில் பலரும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். தேவையே இல்லை. கல்லடியில் அம்மா வீட்டில் இருப்பது 21 அங்குலப் பெட்டி டிவி, முதுகு பெருத்த பழைய சாமான். சுனாமியில் எல்லாம் போன பிறகு 2005இல் அப்பா தவணைக்கு எடுத்தது, அதனால் அதை மாற்றுவோமா என்று அம்மாவிடம் வாய் திறக்க முடியாது. மழை பெய்தால் படம் போகும், காசு வாங்க மட்டும் மாதம் தவறாமல் ஆள் வரும் என்பதால் போன கார்த்திகையில் கேபிளை நிறுத்தினோம்.

அந்த டிவியில் எச்டிஎம்ஐ, அதாவது படமும் ஒலியும் ஒரே வயரில் வரும் புது டிவி ஓட்டை, கிடையாது. முன்பக்க மூடியைத் திறந்தால் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு ஓட்டை, ஒரு காலத்தில் டிவிடி டெக் கொளுவிய இடம். யூடியூப், நெட்ஃபிளிக்ஸை டிவியில் காட்டும் இன்டர்நெட் ஸ்டிக்கோ எச்டிஎம்ஐயில் மட்டும்தான் கொளுவும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். இங்கேதான் ஏமாந்தேன். நகரில் 1,800 ரூபா கொடுத்து வாங்கி வந்து ஓரிரவு முழுக்க மல்லுக்கட்டியும் படம் வரவில்லை, விடிந்ததும் மருமகன் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது பழைய டெக்கைப் புது டிவிக்குக் கொளுவுகிற சாமான்" என்றான். இரண்டு வகையும் பார்வைக்கு ஒன்றுதான். நமக்கு வேண்டியதில் எச்டிஎம்ஐ பக்கம் இன்புட் என்றும், மஞ்சள் வெள்ளை சிவப்பு உள்ள பக்கம் அவுட்புட் என்றும் போட்டிருக்கும். கடைக்காரர் மாற்றித் தரவில்லை, பக்கற்றைப் பிரித்துவிட்டேனாம். பிரிக்காமல் எப்படிக் கொளுவிப் பார்ப்பது?

சரியானது வந்த பிறகும் படம் கறுப்பு வெள்ளையில்தான் உருண்டது. டிவி செத்துவிட்டது என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். கன்வெர்ட்டரின் ஓரத்தில் என்டிஎஸ்சி, பிஏஎல் என்று (இரண்டும் நாட்டுக்கு நாடு மாறும் டிவி முறைகள்) நகம் அளவில் ஒரு சுவிட்ச், அதை பிஏஎல் பக்கம் தள்ளியதும் கலர் வந்தது, இலங்கை முறை அதுதான். கடலோரம் என்றால் இன்னொன்று: உப்புக்காற்றில் அந்த ஓட்டைகளின் வளையம் பச்சை பிடித்திருக்கும், டிவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அழிறப்பரால் தேய்த்தேன், இரைச்சல் நின்றது. சிவப்பு வயருக்கு இடமில்லாவிட்டால் சும்மா விடுங்கள். ஸ்டிக்குக்கும் கன்வெர்ட்டருக்கும் தனித்தனி போன் சார்ஜர் வேண்டும்.

அகலப் படத்தை இந்தச் சதுரத்துக்குள் நெருக்குவதால் நாடகத்தில் வரும் மாமியார்கள் எல்லாம் ஒரு மாதம் பட்டினி கிடந்தவர்கள் மாதிரி நீண்டு தெரிகிறார்கள். அம்மாவுக்கு இப்போது பழகிவிட்டது.

முக்கியமான விஷயம் டேட்டா. பெட்டி டிவி காட்டுவதே 576 வரிதான், அதில் யூடியூபை 1080 வரித் தரத்தில் ஓடவிடுவது காசை வாவியில் கொட்டுகிற வேலை. 480இல் வையுங்கள், வித்தியாசம் தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை போகும், எச்டி என்றால் 3 ஜிபி வரை. எங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகுதான் டேட்டா தாராளம், அம்மா அந்நேரம் எழும்பியா நாடகம் பார்ப்பார்? கூரையில் பழைய அன்டெனா இருந்தால் அதையும் கழற்றாதீர்கள், வசந்தம், நேத்ரா மாதிரி இலவச சனல்களை அதில் பார்த்தால் டேட்டாவே போகாது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கன்வெர்ட்டர் கேட்டு வருபவரிடம் "டிவி பழசா, டெக் பழசா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக் கொடுங்கள். நான் மாறி வாங்கியது இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது, பழைய டெக்கைப் புது டிவியில் கொளுவ விரும்புகிறவர் யாராவது இருந்தால் சும்மாவே தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு