எடைக்குப் போடாதே

நாகோயா
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு உள்ளூர்க் கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்ப சந்தோஷம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. முழங்கால் வலியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது.

கடைசி இரண்டு வரியைப் படித்துத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் மாருதி 800-ஐப் பழைய இரும்புக்கு எடைக்குப் போடப்போகிறாயாமே? அட மடையா, அந்த வண்டியில் எடை எங்கேடா இருக்கிறது? எல்லாம் சேர்த்து 650 கிலோ தேறினால் பெரிசு.

சிரிக்காதே. அந்த எடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி ஒரு டொயோட்டா ஸ்போர்ட்ஸ் 800 வைத்திருக்கிறார். 1965-இல் வந்த கார். 'யோட்டாஹாச்சி' என்று இங்கே செல்லப்பெயர். ஹாச்சி என்றால் எட்டு. போன மாதம் அசுகே பக்கத்து மலைப்பாதைக்கு என்னையும் கூட்டிப்போனார். திரும்பும்போது, நான் கேட்காமலே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்.

790 சிசி எஞ்சின். இரண்டே சிலிண்டர், எதிரெதிராகப் படுத்துக் கிடக்கும். காற்றுபட்டே ஆறிவிடும், ரேடியேட்டர் கிடையாது. 45 குதிரைத்திறன்தான். ஸ்டார்ட் செய்தால் உங்கள் தோட்டத்துக் கிணற்றடிப் பம்புசெட்டுச் சத்தம். ஆனால் வண்டி 580 கிலோ! இரண்டாவது வளைவிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் மூக்கு உடனே திரும்புகிறது. முன்சக்கரம் மிதித்த சிறு கல்கூட உள்ளங்கைக்குத் தெரிகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் என் வயிறு குளிர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். என் இப்போதைய காரில் 110-இல் போனாலும் கொட்டாவிதான் வருகிறது.

இதை உருவாக்கிய தட்சுவோ ஹசெகாவா யுத்தகாலத்தில் விமானம் வடிவமைத்தவர். தோற்ற ஜப்பானில் விமானம் செய்யத் தடை வந்ததும் அவரைப்போலப் பலர் கார் பக்கம் வந்தார்கள். 1962 தோக்கியோ கண்காட்சியில் வைத்த முதல் மாதிரியில் கதவே கிடையாதாம்; போர்விமானம்போல மேற்கூரை பின்னால் நகரும், ஏறி உட்கார வேண்டியதுதான். கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்துப் பழகிய கை. அதே மனிதர்தான் பிறகு முதல் கொரோல்லாவையும் செய்தார்.

யோட்டாஹாச்சிக்கு எதிராளி ஹோண்டா எஸ்600. 606 சிசியில் 57 குதிரைத்திறன், பெட்ரோலையும் காற்றையும் கலந்துகொடுக்க நாலு கார்புரேட்டர், மோட்டார்சைக்கிள்போல நிமிஷத்துக்கு 8,500 சுற்றுவரை அலறும். எஞ்சின் என்று பார்த்தால் அதுதான் அற்புதம், மறுக்கமாட்டேன். ஆனால் 1965 ஜூலையில் ஃபுனாபாஷி பந்தயத்தில் தோஜிரோ உகியா என்ற இளைஞன், தொடக்கத்திலேயே ஒரு எஸ்600-உடன் மோதி, வண்டியைச் சரிசெய்ய நிறுத்தி, 16-ஆம் இடத்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து யோட்டாஹாச்சியில் ஒவ்வொருவராகத் தாண்டி முதலாவதாக வந்தான். பெரியவர் இதைச் சொல்லும்போது கியர் போடுவதுபோலக் கை அசைந்துகொண்டே இருந்தது. அடுத்த மாதமே சுஸுகா பந்தயத்தளத்தில் பயிற்சியின்போது நடந்த விபத்தில் அந்தப் பையன் போய்விட்டான். 23 வயது.

1966 ஜனவரியில் சுஸுகா 500 கிலோமீட்டர் பந்தயத்தில் இந்தக் கார் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. பெரிய எஞ்சின்காரர்கள் பெட்ரோல் போட நின்றார்கள். இது நிற்கவே இல்லை. ஆமை முயல் கதை இல்லை இது, வெறும் கணக்கு. எடை குறைந்தால் சின்ன எஞ்சின் போதும். சின்ன எஞ்சினுக்குச் சின்ன பெட்ரோல் டாங்கி, சின்ன பிரேக், ஒல்லி டயர். அவை சிறுத்ததால் இன்னும் எடை குறையும். இன்றைய கார்களில் இதே கணக்கு தலைகீழாக ஓடுகிறது. அதற்கும் நியாயம் உண்டு. யோட்டாஹாச்சியின் கதவைத் தட்டிப்பார்த்தேன், பிஸ்கட் டின் சத்தம். ஏர்பேக் கிடையாது. பக்கத்தில் ஒரு லாரி வந்தால் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டியதுதான். என் பேரனை இதில் நெடுஞ்சாலைக்கு ஏற்றமாட்டேன்.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். 1979-இல் சுஸுகி, ஆல்டோ என்று ஒரு குட்டிக் காரை 4,70,000 யென்னுக்கு விட்டது. சரக்கு வண்டி என்று பதிந்து வரியிலிருந்து தப்பித்த கெட்டிக்காரத்தனம் அது. அதன் 800 சிசி வடிவம்தான் 1983-இல் மாருதியாக நம் ஊருக்கு வந்தது. அப்பா வாங்கிய 92 மாடல் அதற்கு அடுத்த தலைமுறை. மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், 12 அங்குலச் சக்கரம். செங்கோட்டை மலைப்பாதையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுத்த சோக்கை உள்ளே தள்ள மறந்துவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று நீ புலம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? நாம் இருவரும் ஓட்டப் பழகியதே அதில்தானே!

ஆர்.சி. புதுப்பிக்க அலைச்சல் என்கிறாய். இங்கேயும் 13 வருஷம் தாண்டினால் வரி ஏறும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சோதனை வேறு. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார்.

ஒன்று செய். தரைத்தகட்டில் துரு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பாய்க்கு அடியில் பார்த்து எழுது. கார்புரேட்டரைத் தெரியாதவன் கையில் கொடுக்காதே. பொங்கலுக்கு வருகிறேன், செலவில் பாதி என்னுடையது. புளியரை வளைவுகளில் முதலில் ஓட்டப்போவது நான்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
ராமு