மறுபடி நிறுவச் சொல்வதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் நிரலாக்கத் தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். லூப், ஃபங்ஷன் எல்லாம் நன்றாகவே விளக்கியிருந்தீர்கள். ஆனால் சென்ற வாரம், பைத்தான் மொழியில் மாட்யூல் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் தயார்நிலைக் கோப்பு) கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதைப் படித்ததும் மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் மாட்யூல் கணினியில் இருக்கும், பைத்தான் தேடும் இடத்தில்தான் இருக்காது. மாட்யூலைக் கொண்டுவர இம்போர்ட் என்று எழுதியதும் அது கணினி முழுக்கத் துழாவுவதில்லை. சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களை வரிசையாகப் பார்க்கிறது: முதலில் நாம் ஓட்டும் நிரல் இருக்கும் ஃபோல்டர், அடுத்து பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் படித்துக்கொள்ளப் பெயரிட்டு வைக்கும் மதிப்பு) நாம் எழுதி வைத்த இடங்கள், அப்புறம் பைத்தானோடு வந்த நூலகம், கடைசியில் வெளி மாட்யூல்களை நிறுவும் பிப் என்ற கருவி அவற்றைக் கொண்டுவந்து போடும் இடம். முதலில் எது கண்ணில் படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடும்.

என்னிடம் படிக்க வந்த ஒரு மாணவி, ரேண்டம் என்ற மாட்யூலில் ரேண்டின்ட் என்ற ஃபங்ஷன் இல்லை என்ற பிழையோடு இரண்டு நாள் போராடி, பைத்தானையே இரண்டு முறை நீக்கி நிறுவியிருக்கிறார். போய்ப் பார்த்தால், அந்தப் பயிற்சி நிரலுக்கே ரேண்டம்.பை என்று பெயர் வைத்திருந்தார். நிரலின் ஃபோல்டர்தான் வரிசையில் முதலில் வருகிறது, அதனால் பைத்தானின் சொந்த ரேண்டத்துக்குப் பதில் இவருடைய கோப்பே உள்ளே வந்துவிட்டது. பெயரை மாற்றினோம், ஓடியது. நூறு முறை நிறுவினாலும் இது சரியாகியிருக்காது.

சூழல் மாறிகளிலும் இப்படி ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு டெர்மினலில் (கட்டளைகளை எழுதும் சாளரம்) எக்ஸ்போர்ட் கட்டளையால் வைத்த சூழல் மாறியின் மதிப்பு பக்கத்து டெர்மினலில் ஏன் இல்லை என்று கேட்காத மாணவரே கிடையாது. ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பிறக்கும்போது அதைத் தொடங்கிவைத்த தாய் புராசஸிடமிருந்து சூழல் மாறிகளின் நகலைத்தான் வாங்கிக்கொள்கிறது, பின்னால் அங்கே மாற்றினால் இங்கே தெரியாது. கையால் ஓட்டினால் ஓடும் நிரல், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் படுத்துவிடுவதற்குப் பல சமயம் இதுவே காரணம், ஏனென்றால் கிரான் நம் ஷெல்லின் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அமைப்புகளைப் படிப்பதில்லை. சூழல் மாறிகள் என்பது யூனிக்ஸ் இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்போடு 1979-இல் வந்த ஏற்பாடு, இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

மற்ற மொழிகளிலும் கதை இதேதான். தேடும் இடங்களைச் சொல்ல ஜாவாவில் கிளாஸ்பாத், பெர்லில் பெர்ல்5லிப், லுவாவில் லுவா_பாத். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் மட்டும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரைத் தேடி ஒவ்வொரு படியாக மேலே ஏறும். எல்லாவற்றிலும் வரிசைதான் உயிர். பாதுகாப்பும் இதில் இருக்கிறது: நாம் நிற்கும் ஃபோல்டரிலும் தேடு என்று விட்டால், அங்கே யாரோ போட்டு வைத்த கோப்பு நம் நிரலுக்குள் ஓடிவிடலாம். அதற்காகத்தான் ரூபி 2010-இல் 1.9.2 பதிப்பிலும் பெர்ல் 2017-இல் 5.26 பதிப்பிலும் அந்த ஃபோல்டரைத் தேடல் பட்டியலிலிருந்து எடுத்தன. பைத்தானும் 2022-இல் 3.11 பதிப்பில், இப்படிப்பட்ட ஃபோல்டரைத் தானாகச் சேர்க்காமலிருக்க பைத்தான்சேஃப்பாத் என்று ஒரு சூழல் மாறியைக் கொடுத்தது.

இன்னொன்றையும் தயவுசெய்து எழுதுங்கள். பைத்தான்பாத்தை ஷெல் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாகப் போட்டு வைக்கும் யோசனை பல இடங்களில் சுற்றுகிறது. அப்படிச் செய்தால் கணினியில் உள்ள எல்லாப் பைத்தான் பதிப்புகளும் அதையே படிக்கும், ஒரு பதிப்புக்கான பொதி (மாட்யூல்களின் தொகுப்பு) இன்னொன்றில் போய் ஏறி, எங்கிருந்து பிழை வருகிறது என்றே தெரியாமல் போகும். ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர் சூழல் (அந்த வேலைக்கான பொதிகளை மட்டும் தனியே வைக்கும் ஃபோல்டர்) வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் இடம் இருந்தால் சிஸ்.பாத்தை அச்சிட்டுப் பார்க்கும் இரண்டு வரி நிரலையும், கிடைத்த மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காட்டும் இன்னொரு வரியையும் போடுங்கள். மறுபடி நிறுவும் யோசனை அதற்குக் கீழே வரட்டும்.

இப்படிக்கு,
தொடரைத் தவறாமல் படிக்கும் வாசகர்