நூறு மில்லிகிராமும் பத்து கிராமும்

அன்பு மகள் கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, உன் ஆய்வகத்தில் குடுவையில் கலவை பொங்கி வழிந்ததையும், அதைத் துடைத்துவிட்டு வழிகாட்டியிடம் சொல்லாமல் இருந்துவிட்டதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அடுத்த வாரம் அதே வேதிவினையைப் பத்து மடங்கு அளவில் செய்யப் போவதாகவும் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் அப்போது எதுவும் பேசவில்லை.

2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நடந்த விபத்தை நீ அறிந்திருக்கக்கூடும். நிக்கல் ஹைட்ரசீன் பெர்குளோரேட் என்ற வெடிக்கும் சேர்மத்தை ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்ற வரம்பு அந்த ஆய்வகத்தில் வாய்ச்சொல்லாகவே இருந்தது. சிறிது சிறிதாகச் செய்தால் மாதிரிகள் ஒன்றுபோல் அமையா என்று கருதி, மாணவர் இருவர் ஏறக்குறைய 10 கிராம் தயாரித்தார்கள். கட்டிகளை உடைக்க, ஹெக்சேன் என்ற கரைப்பானில் நனைந்திருந்தால் ஆபத்தில்லை என்று நம்பி, ஒருவர் கல்வத்தில் இட்டு மெதுவாக நுணுக்கினார். வேலை முடிந்து விலகியபோது பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றியவர், இன்னும் ஒரு முறை கிளறிவிடலாம் என்று திரும்பி வந்தார், அப்போதுதான் வெடித்தது. மூன்று விரல்கள் போயின, கண்ணிலும் காயம். விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம், முன்னர் நடந்த சிறு விபத்துகள் முறையாகப் பதிவாகாமல் போனதையும் சுட்டிக்காட்டியது. எனக்கு வெடிப்பைவிட அந்த வரிதான் உறுத்துகிறது.

காரணம், நானும் அப்படி மறைத்தவன்தான். ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த புதிதில், தண்ணீர் பட்டால் பற்றி எரியும் சோடியத்தை நறுக்கிய தாளை ஈரத்துணி கிடந்த குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். தீப்பிடித்தது, மணலைக் கொட்டி அணைத்து, வசவுக்குப் பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே கூடையில் அதே தவறைச் செய்த சக ஊழியருக்கு வலது கை வெந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் வருகைப் பதிவேட்டில் இடது கையால் கையெழுத்திட்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

கணக்கு உனக்கே தெரியும்: கொள்ளளவு பத்து மடங்கானால் குடுவையின் மேற்பரப்பு ஐந்து மடங்குகூட ஆகாது, பிறக்கும் சூடு அந்த அளவுக்கு வெளியேற வழியில்லை. சிறிய குடுவையிலேயே பொங்கியது பெரியதில் என்ன செய்யும் என்று யோசித்துப் பார். அதனால் பொங்கிய நாளின் வெப்பநிலையையும், வினைபொருளை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாய் என்பதையும் குறிப்பேட்டில் எழுதி, வழிகாட்டியிடம் காட்டிவிட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே அளவைக் கூட்டு. இரவில் தனியாக அதைச் செய்யாதே. திட்டினால் திட்டட்டும்.

அவரிடம் பேசியதும் எனக்கு ஒரு வார்த்தை சொல். இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா